பீன்ஸ் விளையும் ஊரில் டின் பீன்ஸ்

கோத்தகிரியில் குடியிருந்துகொண்டு டின் பீன்ஸ் வாங்குகிறவள் என்று சொந்தக்காரர்களிடம் எனக்கு ஒரு பெயர் உண்டு. “லாரி லாரியா பீன்ஸ மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பற ஊர்ல இருந்துக்கிட்டு, டப்பாவுல அடைச்சத காசு குடுத்து வாங்கறியா?” என்று திருப்பூரிலிருந்து வந்த நாத்தனார் என் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் லாரியில் போவது பச்சைக் காய். டின்னுக்குள் இருப்பது விதை. ராஜ்மா, கொண்டைக்கடலை, காராமணி, வெள்ளை பீன்ஸ் என்று காய்ந்த விதையை ஊறவைத்து, உப்புத் தண்ணீரோடு டின்னில் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, அதற்குப் பிறகு டின்னோடு வேகவைத்தது. காய்கறிக்குப் பதிலாக நான் அதை வாங்கவில்லை. வேகவைக்கிற வேலைக்குப் பதிலாக வாங்குகிறேன். அது மலையில் எவ்வளவு பெரிய வேலை என்பது திருப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே கொதிக்கும். கொதிக்க ஆரம்பித்த தண்ணீர், அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் அதற்கு மேல் சூடாகாது, ஆவியாகத்தான் போகும். பார்வைக்குத் தளபுளவென்று கொதிக்கும், உள்ளே ராஜ்மா கல் மாதிரி கிடக்கும். கீழே இருந்து புதிதாக மாற்றலாகி வரும் டீச்சர்களும் பேங்க்காரர்களும் முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி இது: “இந்த ஊரு பருப்பு ஏன் வேகவே மாட்டேங்குது?” எல்லா ஊரிலும் இருக்கிற அதே பருப்புதான். ஊரின் உயரம்தான் வேறு.

குக்கர் இருக்கிறதே என்பார்கள். குக்கர் இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது, உண்மை. ஆனால் குக்கரும் மலையில் கொஞ்சம் இளைத்துத்தான் போகிறது. அதன் வெயிட் செய்கிற வேலை, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே ஒரு குறிப்பிட்ட அளவு அழுத்தத்தைச் சேர்த்துப் பிடித்து வைப்பது. வெளிக்காற்றே இங்கே சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆக, கடலோரத்தில் 121 டிகிரி வரை ஏறும் குக்கர் இங்கே 117, 118இல் நின்றுவிடும். சமையல் குறிப்பில் ஆறு விசில் என்று போட்டிருந்தால் நாங்கள் எட்டு, ஒன்பது வைப்போம். டிசம்பர், ஜனவரி குளிரில் ஊறுவதே தாமதம். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையைக் காலையில் நகத்தால் கிள்ளிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஊறாத பொட்டு இருக்கும். அதோடு கடையில் ஒரு வருஷம் மூட்டையில் கிடந்த பழைய சரக்கு மாட்டிவிட்டால், எத்தனை விசில் வைத்தாலும் பாதி வெந்ததும் பாதி வேகாததுமாகத்தான் வரும். பழைய விதையின் தோலும் உள்ளே இருக்கும் பசையும் இறுகிப்போவதால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் இளகும். சுவை கொஞ்சம் மாறும், பி வைட்டமின்களில் சிலவும் குறையும்.

நான் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பச்சைத் தேயிலை வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களில் வீட்டுக்கு வர இருட்டிவிடும். முந்தைய நாளே யோசித்து ஊறப்போட்டிருந்தால்தான் அன்றைக்குப் பயறு. இல்லையென்றால் உருளைக்கிழங்கு, அதுவும் இல்லையென்றால் ரசமும் அப்பளமும். டின் வந்த பிறகு இந்த வரிசை மாறியது. கடைசி நேரத்தில் ஞாபகம் வந்தாலும் பயறு சமைக்கலாம் என்பதுதான் இதில் இருக்கிற முதல் வசதி. சத்து, சுவை எல்லாம் அப்புறம்.

டின் எங்கள் குடும்பத்துக்குப் புதியதும் இல்லை. என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இலங்கையில் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அங்கே டின் மீன் என்பது அன்றாடச் சாப்பாடு. மழை நாளில், கைக்காசு குறைந்த நாளில், திடீர் விருந்தாளி வந்த நாளில் ஒரு டின் மீனை உடைத்து வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குழம்பாக்கி, தேங்காய் ரொட்டியோடு வைத்துவிடுவார்கள். அதனால் “டப்பா சாப்பாடு கெடுதல்” என்ற பேச்சே எங்கள் வீட்டில் இருந்ததில்லை. வெலிங்டன் பக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வீடுகளிலும் அப்படித்தான். எங்கள் லைனில் இருக்கும் ஓய்வு பெற்ற சுபேதார் மாமா, “எல்லையில நாங்க தின்னதெல்லாம் டின்னுதாம்மா. இன்னிக்கு எனக்கு எழுபத்தஞ்சு” என்று மார்பைத் தட்டிக் காட்டுவார். அது மருத்துவ ஆதாரம் ஆகாது என்று அவரிடம் யார் சொல்வது.

மலையில் டின்னுக்கு மரியாதை வருவது மழைக்காலத்தில். நீலகிரியின் மேற்குப் பக்கம், கூடலூரும் அவலாஞ்சியும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கிழக்குச் சரிவில் இருக்கிற எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பயம். 2009 நவம்பரில் பெய்த மழையில் நிலச்சரிவில் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சாலைகள் அறுந்தன, மலை ரயில் பாதை அறுந்தது. அந்த அளவுக்குப் போகாத சாதாரண வருஷங்களிலும் குன்னூர் சாலையில் பர்லியார், மரப்பாலம் பக்கம் மண் சரிந்தால் எல்லா வண்டியையும் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். எங்கள் சாலையிலும் மரம் விழுந்தால் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அவர் கீழேயும் நான் மேலேயும் என்று ராத்திரி கழிந்த நாட்கள் உண்டு.

அந்த நாட்களில் காய்கறிக்குப் பஞ்சம் இருக்காது; தோட்டத்தில் இருக்கும். போவது கரண்ட்டும் காஸும். சிலிண்டர் வண்டி வராது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேகவைத்த பயறை டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். சமவெளி நகரத்துக்கு அருமையான யோசனை. நானும் வெயில் மாதங்களில் அப்படி வைப்பதுண்டு. ஆனால் சேமிப்பு எந்த வாரத்தில் தேவையோ அந்த வாரத்தில்தான் இங்கே ஃப்ரீசர் ஓடாது. டின்னுக்குக் கரண்ட் வேண்டாம், ஊறவைக்கத் தண்ணீர் வேண்டாம், காஸும் சூடு காட்டுகிற அளவுக்குப் போதும். அதுவும் தீர்ந்துபோனால் அப்படியே கழுவி, வெங்காயம், எலுமிச்சை, மிளகுத்தூள் போட்டுச் சாப்பிடலாம். எரிபொருளை எங்கோ ஒரு தொழிற்சாலை ஏற்கெனவே செலவழித்துவிட்டது. டின்னின் விலையில் பாதி அதற்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

விலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டின் பீன்ஸைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 400 கிராம் என்று போட்ட டின்னில் தண்ணீரை வடித்தால் பீன்ஸ் 240 கிராம் அளவுக்குத்தான் தேறும். லேபிளில் ‘வடிகட்டிய எடை’ என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த 240 கிராம் என்பது காய்ந்த ராஜ்மா 100 கிராமை ஊறவைத்து வேகவைத்தால் வருகிற அளவு. நூறு கிராம் ராஜ்மாவின் விலையை மளிகைக் கடையில் கேட்டுப் பாருங்கள், டின் விலையையும் பாருங்கள். பல மடங்கு வித்தியாசம் இருக்கும். காஸ் செலவைக் கூட்டினாலும் சமமாகாது. ஆகவே தினமும் டின் வாங்கிச் சமைப்பது என்பது எங்களைப் போன்ற சம்பளக்காரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ந்த பயறு. சீசனில் சந்தைக்கு வருகிற பச்சை பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ், பட்டாணி. அதற்கு ஈடாக எந்த டின்னும் கிடையாது. மழை வாரத்துக்கும் களைத்த ராத்திரிக்கும் டின். இப்படிப் பிரித்துக்கொண்டால் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் செலவாகும்.

சத்து விஷயத்தில் டின்னுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் உப்புதான், பீன்ஸ் இல்லை. வேகவைத்த பயறில் என்ன உண்டோ அதில் பெரும்பகுதி டின்னிலும் உண்டு. வடித்த ஒரு டின் ராஜ்மாவில் புரதம் 16, 17 கிராம் தேறும். மூன்று முட்டையை நெருங்கிவிடும். நார்ச்சத்து அதற்குச் சற்றுக் குறைவு. இரும்பு, பொட்டாசியம், ஃபோலேட் எல்லாம் இருக்கின்றன. சூட்டிலும் தண்ணீரிலும் கரைந்து போகிற சில வைட்டமின்கள் குறையும்; அவை வீட்டுக் குக்கரிலும் குறையத்தான் செய்யும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குப் பருப்பும் பயறுமாக 85 கிராம் சொல்லியிருக்கிறார்கள், சமைக்காத எடையில். நூறு கிராம் காய்ந்த பயறுக்குச் சமமான ஒரு டின், அந்தக் கணக்கில் ஒரே ஒரு ஆளின் ஒரு நாள் பங்கைக் கொஞ்சம் தாண்டும். நாலு பேர் வீட்டில் ஒரு டின்னை உடைத்துவிட்டு இன்றைக்குப் புரதம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்ள முடியாது. கூட ஒரு பருப்போ முட்டையோ வேண்டும். சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவது நல்லது: பயறில் குறைவாக இருக்கும் மெத்தியோனைன் அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவான லைசின் பயறில் இருக்கிறது.

இனி உப்பு. லேபிளில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், 240 கிராம் பீன்ஸில் 720; உப்பாகக் கணக்கிட்டால் 1.8 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே டின்னில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. இதற்கு மருந்து குழாயடியில் இருக்கிறது. தண்ணீரை வடித்து, சல்லடையில் போட்டு நன்றாக அலசினால் சோடியம் சுமார் 40 சதவீதம் குறையும். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அந்தக் கொழகொழத் தண்ணீரோடு போய்விடும். எங்கள் வீட்டில் மாமியாருக்குப் பிரஷர் இருப்பதால் இரண்டு முறை அலசுவேன், சமையலை இறக்கும்போது ருசி பார்த்துத்தான் உப்பு சேர்ப்பேன். பழக்க தோஷத்தில் முதலிலேயே உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

தேயிலைக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பயறில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதைச் சாப்பாட்டோடு குடிக்கிற டீ குறைத்துவிடும். சாப்பிட்டுக் கை கழுவியதும் டீ என்பது இந்த மலையின் வழக்கம். பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிற நாட்டில் அந்த டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது நல்லது. எலுமிச்சை, தக்காளி, குடைமிளகாய் என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றைப் பயறோடு சேர்த்தால் இரும்பு கூடுதலாக உடம்பில் ஒட்டும்.

காய்ந்த ராஜ்மாவைச் சமைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, குறிப்பாக மலைக்காரர்களுக்கு. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற ஒரு புரதம் இருக்கிறது. சரியாக வேகாமல் சாப்பிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. நாலைந்து பச்சை விதையே போதும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும் என்பது விதி. 80 டிகிரியில் மெதுவாக வேகவைத்தால் அது அழிவதற்குப் பதில் பச்சை விதையைவிடக் கூடுதல் கடுமையாகத் தாக்கும். விறகடுப்பில் சமைத்து முடித்த பிறகு தணலில் சட்டியை ராத்திரி முழுக்க வைக்கும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. கீரைக்கும் கறிக்கும் அது சரி. ராஜ்மாவுக்கு மட்டும் வேண்டாம், குக்கர்தான். டின் ராஜ்மாவில் இந்தக் கவலையே கிடையாது, அது 121 டிகிரியை ஒட்டிய சூட்டைப் பார்த்துவிட்டு வந்தது.

அந்த 121 டிகிரிக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரான்சில் படைக்குச் சாப்பாடு கெடாமல் வைக்க வழி சொல்பவருக்கு அரசாங்கம் பரிசு அறிவித்திருந்தது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் கண்ணாடிப் பாட்டிலில் உணவை அடைத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காட்டி, 1810இல் 12,000 ஃபிராங்க் வாங்கினார். அதே வருஷம் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். ஏன் கெடுவதில்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது. கிருமிதான் காரணம் என்று பாஸ்டர் நிறுவுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. டின்னைத் திறக்கும் கருவிகூட 1850களில்தான் வந்தது, அதுவரை உளியும் சுத்தியலும்! காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாதான் டின்காரர்களின் பெரிய எதிரி. சூட்டைத் தாங்கிக் கிடக்க அது உண்டாக்கும் விதைத்துகள்கள் (ஸ்போர்) கொதிநீரில் சாகாது. 121 டிகிரி சூடு டப்பாவின் நட்ட நடுவில் மூன்று நிமிஷமாவது பிடிக்க வேண்டும். அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் விஷம் நரம்பை முடக்கும். நாற்றமோ நிறமாற்றமோ காட்டாமலும் இருக்கும்.

நீலகிரியில் ஜாமும் ஊறுகாயும் பாட்டிலில் போட்டு விற்கும் வீடுகள் நிறைய. அவர்களில் சிலர், கொதிக்கவைத்த பாட்டிலில் வேகவைத்த பட்டர் பீன்ஸையும் அடைத்து வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கூடாது. ஜாமைச் சர்க்கரையும் பழத்தின் புளிப்பும் காக்கின்றன, ஊறுகாயை உப்பும் வினிகரும் எண்ணெயும். பீன்ஸில் புளிப்பு கிடையாது. தண்ணீரே 94 டிகிரியில் கொதிக்கிற ஊரில் அடுப்பில் வைத்துச் செய்கிற பாட்டிலடைப்பு எந்த வகையிலும் அந்த விதைத்துகளைக் கொல்லாது. சமையல் குக்கரும் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. பச்சை பீன்ஸ் மிஞ்சினால் வினிகர் ஊறுகாய் போடுங்கள், அல்லது விதையைக் காயவையுங்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? மூடியும் அடியும் உள்வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் தொடாதீர்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். கீழே அடைத்த சிப்ஸ் பாக்கெட் மலையேறினதும் பலூன் மாதிரி உப்பும். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டி வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். “உயரத்துல டின்னும் அப்படித்தாங்க உப்பும், பயப்படாதீங்க” என்று ஒரு கடைக்காரர் எனக்கே சொன்னார். பாக்கெட்டுக்குள் காற்று அடைத்திருக்கிறது. டின்னைச் சூடாக மூடுவதால் ஆறின பிறகு உள்ளே அழுத்தம் குறைந்து, மூடி உள்நோக்கி இழுபட்டிருக்கும். ஆறாயிரம் அடிக்கெல்லாம் நல்ல டின் உப்பாது. உப்பிய டின்னை அவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். அப்படியே வைத்துவிட்டு வந்தேன். திறக்கும்போது பீறிட்டு அடித்தாலும், நுரைத்தாலும், ருசி பார்க்கிறேன் என்று நாக்கில் வைக்கவே கூடாது. அப்படியே கவரில் கட்டிக் குப்பைக்கு.

நசுங்கல் எல்லாம் கெடுதல் இல்லை. மலைச்சாலையில் குலுங்கி வருகிற சரக்கில் நடுவில் ஒரு சின்னக் குழி விழத்தான் செய்யும். ஓரத்தில், மேல் கீழ் விளிம்புத் தையலில், அல்லது பக்கவாட்டு ஒட்டில் நசுங்கியிருந்தால் வேண்டாம். அங்கேதான் காற்று புகும். விரல் நுனி உள்ளே போகிற அளவு ஆழமான, கூர்மையான நசுங்கலும் வேண்டாம்.

எங்கள் ஊரில் டின்னுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். மிஸ்ட் இறங்கி நிற்கும் மாதங்களில் தீப்பெட்டியே பற்றாது, சுவரெல்லாம் பூஞ்சை படரும். அப்படிப்பட்ட சுவரை ஒட்டி டின்னை அடுக்கினால் சில மாதத்தில் விளிம்பில் துரு பிடித்துவிடும். துணியால் துடைத்தால் போய்விடுகிற மேல்துரு பரவாயில்லை. சுரண்டினால் பொத்துக்கொள்கிற துரு என்றால் தூக்கிப்போட வேண்டியதுதான். நான் அடுப்புக்கு எதிர்ப்பக்கம், சுவரைவிட்டுத் தள்ளிய மர அலமாரியில், செய்தித்தாள் விரித்து வைக்கிறேன். அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் சூட்டில் தரம் குறையும். ஈரத்தில் லேபிள் காகிதம் உரிந்து விழுந்துவிடும், பிறகு எது கொண்டைக்கடலை எது ராஜ்மா என்று குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். வாங்கின அன்றே மூடியில் அழியாத மார்க்கரால் பெயரையும் காலாவதி மாதத்தையும் எழுதிவிடுவேன். புதியது பின்னால், பழையது முன்னால். மழை வரும் முன்பு, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கிப் பார்ப்பேன். தேதி நெருங்கியவை அப்போதே சுண்டலாகிவிடும், நவராத்திரியும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது.

மூடியில் வளையம் இருந்தாலும் ஒரு டின் ஓப்பனர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வளையம் கையோடு வந்துவிடும் நாள் எப்படியும் கரண்ட் இல்லாத நாளாகத்தான் இருக்கும். அந்த இருட்டில் கத்தியை வைத்துக் குத்துவது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. மிச்சத்தை டின்னிலேயே விட்டு வைக்காமல் எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடியிலோ மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். ஊட்டிக் குளிரே ஃப்ரிட்ஜ்தானே என்று வெளியில் வைக்காதீர்கள், மத்தியான வெயில் அந்தக் கணக்கைக் கேட்காது.

சமையல். டின் பீன்ஸைச் சமைக்கிறவர்கள் செய்யும் தப்பு, அதை வேகாத பயறு மாதிரி வேகவைப்பது. அது வெந்து முடிந்தது. இனி சேர வேண்டியது மசாலா மட்டும்தான். குழம்பு முழுசாகக் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு பீன்ஸைப் போட்டு, ஐந்து நிமிஷம் சிறுதீயில் வைத்து இறக்கினால் போதும். ஒரு கரண்டி பீன்ஸை மசித்துச் சேர்த்தால் குழம்பு கெட்டிப்படும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சௌகரியம் புளிக்குழம்பு. காய்ந்த மொச்சையையோ ராஜ்மாவையோ புளியிலும் தக்காளியிலும் போட்டு வேகவைத்தால் வேகவே வேகாது. புளிப்பு தோலை இறுக்கிவிடும். தனியாக வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். டின் காராமணிக்கு அந்தத் தொல்லை இல்லை. புளித்தண்ணீர் கொதிக்கிறபோதே போடலாம், உருக்குலையாமல் நிற்கும்.

அம்மாயி டின் மீனுக்குச் செய்த டெவலை, இலங்கையில் செய்கிற அந்தக் காரமான பிரட்டலை, நான் பீன்ஸுக்குச் செய்கிறேன். வீட்டில் இதற்குத்தான் கேள்வி அதிகம். டின் ராஜ்மாவையோ கொண்டைக்கடலையையோ அலசி, துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் வதங்காது, அவியும். இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பீன்ஸைப் போட்டு, தோல் லேசாக வெடிக்கிற வரை விட்டுத் தனியே எடுத்து வையுங்கள். எண்ணெய் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டியில் நசுக்கிய பூண்டு, கீறின பச்சை மிளகாய், சதுரமாக நறுக்கின பெரிய வெங்காயம், குடைமிளகாய். வெங்காயம் குழையக் கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். இடித்த மிளகாய் ஒரு ஸ்பூன், தக்காளி சாஸ் இரண்டு ஸ்பூன், வினிகர் ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை. பீன்ஸைத் திரும்பப் போட்டு, தீயைக் குறைக்காமல் இரண்டு நிமிஷம் பிரட்டி இறக்குங்கள். உப்பு பெரும்பாலும் தேவைப்படாது. டின்னும் சாஸும் பார்த்துக்கொள்ளும். தேங்காய் ரொட்டிக்கு இதைப் போல ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் இதைப் பிரெட்டுக்குள் வைத்துச் சாப்பிடுகிறான், அதுவும் மோசமில்லை.

எல்லாவற்றுக்கும் டின் ஒத்துவராது. பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கிற படுகர் அக்கா ஒருவர் அவரையும் உருளைக்கிழங்கும் போட்டு உதக்கா என்ற குழம்பு வைப்பார், ராகிக் களியோடு. அவசரத்துக்கு டின் பீன்ஸில் வைக்கலாமா என்று கேட்டேன். “பயறு வெந்த தண்ணிதாம்மா அதுக்கு உசிரு. டின்னுத் தண்ணிய வெச்சு என்ன செய்வே?” என்றார். சரிதான். பயறு வெந்த சாறு எந்தச் சமையலுக்கு முக்கியமோ, அதற்குக் காய்ந்த பயறு அல்லது பச்சையாக உரித்த புதுப் பயறு. எங்கே பயறு மசாலாவைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதுமோ, அங்கே டின்.

தக்காளி சாஸில் ஊறிய பேக்டு பீன்ஸை நான் வேறு கணக்கில் வைக்கிறேன். இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கடையில் கிடைக்கிற சரக்கு அது. ஊட்டி, குன்னூர் லாட்ஜுகளில் காலை டிபனுக்கு டோஸ்டோடு வைப்பார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பீன்ஸின் புரதமும் நாரும் அதிலும் உண்டு, ஆனால் சாஸில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே வருகின்றன, அலசவும் முடியாது. வாங்கினால் வெங்காயம், மிளகாய் தாளித்து, தக்காளி நறுக்கிப் போட்டு நீட்டித்துக்கொள்வேன். இனிப்பும் மட்டுப்படும், ஒரு டின் இரண்டு பேருக்குக் கூடுதலாக வரும்.

காலி டின்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மலையில் இது முழுக்கதை ஆகாது. கோத்தகிரியில் கரடி வீட்டு வாசல்வரை வருகிறது; தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடு சாதாரணமாக நிற்கிறது. சாஸ் ஒட்டின டின்னைக் குப்பையில் போட்டால் வாசனைக்கு முதலில் வருவது கரடிதான். தேயிலைச் செடிக்கு நடுவே வீசினால் கொழுந்து எடுக்கிற பெண்களின் காலைக் கிழிக்கும். பீன்ஸ் அலசின தண்ணீரையே டின்னில் ஊற்றிக் குலுக்கிக் கழுவி, கவிழ்த்துக் காயவைத்துவிடுவேன். நாலைந்து சேர்ந்ததும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் வெட்டின மூடியை டப்பாவுக்குள்ளேயே போட்டு, வாயைக் காலால் மிதித்து நசுக்கிவிட்டால் எடுக்கிறவர் கையும் கிழியாது.